வாங்காத காருக்கு ஓர் அறை

“வீட்ல அஞ்சு பேர்னு சொன்னீங்க. எத்தனை தடவை எண்ணினாலும் நாலு பேருக்குத்தான் இடம் வருது” என்றாள் புது வீட்டுக்கு வரைபடம் போடும் பெண், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு.

சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஐந்தாவது ஆள் அவர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். குடும்பத் தலைவரின் தங்கை. கணவன் இறந்த பிறகு, ஒரு பெட்டியும் தையல் இயந்திரமுமாக அண்ணன் வீட்டுக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது.

“அவளுக்கென்ன, எங்க வேணா படுத்துக்குவா” என்றார் அண்ணன்.

அண்ணன் முப்பத்து மூன்று வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். முன்பின் தெரியாத ஒரு கர்ப்பிணிக்குக் கீழ் பெர்த் வாங்கிக் கொடுக்க, கைகலப்பு வரைக்கும் போனவர். நல்ல மனுஷர்தான். அவருடைய நல்ல குணமெல்லாம் ரயில் நின்றதும் இறங்கிப் போய்விடும், அதுதான் கோளாறு.

வரைபடத்தில் அவருக்கும் அண்ணிக்கும் ஓர் அறை, மகனுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று. மகன் இரண்டு வாரம் ஓடிவிட்டு இப்போது துண்டு காயப்போடப் பயன்படுத்தும் நடை இயந்திரத்துக்கு ஒன்று. அண்ணியின் செருப்புகளுக்கு, உள்ளே விளக்கோடு ஒரு சின்ன அறை. வாசலையொட்டி, ஜன்னலும் குழாயுமாகக் காருக்கு ஒரு பெரிய அறை. கார் இன்னும் வாங்கவில்லை. சிவப்பா, சாம்பல் நிறமா என்கிற தகராறே இன்னும் முடியவில்லை. தையல் இயந்திரத்துக்குக்கூட மாடிப்படிக்குக் கீழே இடம் ஒதுக்கியிருந்தார்கள். தைக்கிறவளைத்தான் விட்டுவிட்டார்கள்.

தங்கை ஹாலில் படுப்பவள். டி.வி. அணைந்தால்தான் அவளுக்கு ராத்திரி. விடிந்தால் பேப்பர் எடுக்கப் போகிறவர் அவளைத் தாண்டித்தான் போவார். உடை மாற்றக் குளியலறைக்குள் போனால் யாராவது கதவைத் தட்டுவார்கள். பதினெட்டு வருஷத்தில் அவள் ஒரு தடவைகூட முழுசாக அழுது முடித்ததில்லை. பாதியில் யாராவது வந்து, குக்கர் எத்தனை விசில் என்று கேட்டுவிடுவார்கள்.

அன்றைக்கு அவள் சொம்பைக் கீழே வைத்தாள். “அண்ணே, எனக்கும் ஒரு அறை வேணும். கதவோட.”

“என்னம்மா இப்படிப் பிரிச்சுப் பேசறே? மொத்த வீடும் உன்னோடதுதானே!” என்று அண்ணன் தாராளமாகக் கையை விரித்தார்.

“மொத்தமும் வேணாம்ணே. பத்துக்குப் பத்து போதும்.”

அண்ணி வரைபடக்காரியின் பக்கம் சாய்ந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ரகசியம் பேசினாள். “அறைன்னு ஒண்ணு போட்டுட்டா நிரந்தரமாயிடும்ல? கட்டிக் குடுத்த பொண்ணு. நாலு பேர் என்ன பேசுவாங்க?”

பதினெட்டு வருஷம் அவர்கள் கணக்கில் தற்காலிகம். ஒரு பெண்ணை ஒரு தடவை வெளியே அனுப்பிவிட்டால், அவள் திரும்பி வந்து அங்கேயே கிழவியானாலும் விருந்தாளிதான். அந்த விருந்தாளிதான் மற்றவர்களுக்குச் சமைத்துப் போட வேண்டும். இந்த நியாயத்தை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்களுக்குத் தனி அறை இருந்திருக்கும்.

“தாள்ல பார்த்தா ஒண்ணும் புரியாது. படுத்துப் பார்த்தாத்தான் தெரியும்” என்று அண்ணன் பேச்சை மாற்றினார். பெர்த்தோடு வாழ்ந்த மனுஷர். எந்த அறையையும் அவர் அடியில் அளக்க மாட்டார், ஆள் நீளத்தில்தான் அளப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலை காலி மனையில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு, வீடு முழுவதையும் தரையில் வரைந்தார்கள். தங்கைக்கு அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடிக்கும் வேலை.

“அத்தே, செவுத்து மேல நடக்கறீங்க! கதவு வழியா வாங்க” என்று மகள் அதட்டினாள். பிறகு நால்வரும் அவரவர் அறையில் மல்லாந்து படுத்தார்கள். சைக்கிளில் போன பால்காரர் பதறிப்போய்க் காலை ஊன்றினார்.

“ஐயோ, என்ன சார் ஆச்சு? ஆம்புலன்ஸுக்குச் சொல்லவா?”

“பெட்ரூம்ல இருக்கோம்யா! அப்புறம் வா!” என்று படுத்தபடியே கத்தினார் அண்ணன்.

வரைபடக்காரி தங்கையைப் பார்த்தாள். “அம்மா, நீங்க எங்க படுக்கறீங்க?”

தங்கை நாடாவைக் கீழே போட்டாள். சுவரெல்லாம் சுற்றி, முறையாக வாசல் வழியாக நுழைந்து, காரின் அறைக்குப் போனாள். கைப்பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தாள்.

மகன் துள்ளி எழுந்தான். “அத்தே, அது காரோட இடம்!”

“கார் எங்கே?”

“வாங்குவோம்ல!”

“வாங்கினதும் எழுப்பு.”

“அப்ப கார் எங்கதான் நிக்கும்?”

“அதுக்கென்ன, எங்க வேணா நின்னுக்கும்.”

அண்ணி கெஞ்சினாள், மகள் சிரித்தாள், வெயில் ஏறியது. தங்கை கண்ணைக்கூடத் திறக்கவில்லை. கடைசியில் அண்ணனே வந்து நின்றார். அடுத்தவர் இடத்தில் படுத்தவர்களை எழுப்பி எழுப்பியே தலை நரைத்தவர் அவர். பழக்க தோஷத்தில் அந்தக் குரலே வந்துவிட்டது.

“இது உங்க பெர்த் இல்லம்மா. எந்திரிங்க.”

“அப்ப என் பெர்த் எதுண்ணே? காட்டுங்க, போயிடறேன்.”

முப்பத்து மூன்று வருஷமும் இந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இருந்தது. அண்ணன் சுற்றிலும் பார்த்தார். செருப்பு அறையைப் பார்த்தார், நடை இயந்திரத்தின் அறையைப் பார்த்தார். பிறகு தன் வீட்டுச் சுவர் மேலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். பாவம், அவமானத்தில் அவருக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது.

வரைபடக்காரி யாரையும் கேட்கவில்லை. சுண்ணாம்பு வாளியை எடுத்து, கார் நுழைய விட்டிருந்த அகலத்தைக் கோடு போட்டு மூடினாள். ஓர் ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் இடைவெளி விட்டாள்.

“தாழ்ப்பாள் எந்தப் பக்கம்மா?”

“உள் பக்கம்” என்றாள் தங்கை. அப்போதுதான் எழுந்து உட்கார்ந்தாள்.

“சரி, இருந்துட்டுப் போகட்டும்” என்றார் அண்ணன் மெதுவாக. “பாத்ரூமும் வச்சிடு. ஆனா தாள்ல மட்டும் கார்னே எழுதும்மா. சொந்தக்காரங்க பார்த்தா வம்பு.”

அப்படியே எழுதினார்கள். அனுமதி கொடுக்கும் அலுவலகத்தில் அதிகாரி வரைபடத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியை இறக்கினார்.

“காருக்கு எதுக்கு சார் பாத்ரூம்?”

“கழுவணும்ல சார்” என்றார் அண்ணன்.

“அதுவும் சரிதான்” என்று முத்திரையைக் குத்தினார் அதிகாரி.

காருக்கு ஏன் அலமாரி, காருக்கு எதற்கு உள்தாழ்ப்பாள் என்று அவர் கேட்கவில்லை. ‘தங்கை’ என்று எழுதியிருந்தால் பேனாவை மூடி வைத்துவிட்டு அந்த அலுவலகமே கேட்டிருக்கும். புருஷன் வீட்டில் யாரும் இல்லையா, பிள்ளை குட்டி உண்டா, உங்கள் மனைவி இதற்குச் சம்மதித்தாரா என்று. காருக்கு அந்தத் தொல்லை கிடையாது. எந்தக் காரையும் பார்த்து, உன் புருஷன் எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

தங்கை வெளியே பெஞ்சில் காத்திருந்தாள். அண்ணன் சிரித்த முகமாக வந்து நகலை அவள் கையில் கொடுத்தார். அவள் அதை மடியில் விரித்து, தன் அறையைத் தேடிக் கண்டுபிடித்தாள். அண்ணனின் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவினாள்.

“ஏய், ஏய்! ஆபீஸ் பேப்பர்!”

“அசல் உள்ள இருக்குண்ணே. இது வீட்டுக்கு.”

‘கார்’ என்பதன் மேல் ஒரு கோடு இழுத்தாள். அதன் கீழே ‘நான்’ என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். மை காய்கிற வரைக்கும் அந்தத் தாளை அண்ணன் கையில் அவள் கொடுக்கவில்லை.