பகலில் வெயில், இரவில் பனி

குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்க்கிறவரிடம் போய், "இந்த லீவுக்குப் பனி பார்க்கப் போகலாமா?" என்று கேட்பது, தபால்காரரை ஞாயிற்றுக்கிழமை காலை நடைப்பயிற்சிக்குக் கூப்பிடுகிற மாதிரி. கிடங்குக்காரர் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பனியோடு குடித்தனம் நடத்துகிறவர். பஞ்சு வைத்துத் தைத்த ஜாக்கெட், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கையுறை, காதை மூடும் குல்லா. மீன் பெட்டிகளும் பட்டாணி மூட்டைகளும் உறைந்து கிடக்கும் அலமாரிகளுக்கு நடுவே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டு போவார். பேச வாயைத் திறந்தால் வார்த்தைக்கு முன்னால் புகை வரும். புருவத்தில் வெள்ளை பூத்திருக்கும். வெளியே வந்ததும் அது உருகிக் கன்னத்தில் வழியும். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் அவர் அழுகிறார் என்று நினைத்துத் தோளைத் தட்டிக் கொடுத்ததுண்டு.

அவர் மனைவிக்கு வாய்த்தது நேர் எதிர். ஓட்டல் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கும் சலவை ஆலையில், கொதிக்கிற உருளையின் இந்தப் பக்கம் ஈர விரிப்பைக் கொடுத்து அந்தப் பக்கம் மொடமொடவென்று வாங்குகிற வேலை. நாளெல்லாம் ஆவியில் வெந்துவிட்டு வீட்டுக்கு வருவாள். அவர் ஜன்னலைச் சாத்துவார், அவள் திறப்பாள். அவர் போர்வையைத் தேடுவார். அவள் மின்விசிறியின் ரெகுலேட்டர் கட்டையைத் திருகுவாள். அந்தக் கட்டைதான் அவர்கள் தாம்பத்தியத்தின் எல்லைக்கோடு. அதில் நடந்த ஊடுருவல்களும் பின்வாங்கல்களும் பெரிய தேசங்களுக்கே பாடம்.

இந்த வருடம்தான் அதிசயமாக இரண்டு பேருக்கும் ஒரே வாரம் லீவு வந்தது. சலவை ஆலை கிறிஸ்துமஸுக்கு எப்போதும் மூடும். கிடங்கு மூடாது, இந்தத் தடவை இயந்திரம் பழுது பார்க்கப் போகிறார்கள் என்று மூடினார்கள். இனி எந்த வருடம் இப்படி அமையுமோ தெரியாது. ஆகவே எங்கே போவது என்பது சாதாரணக் கேள்வியாக இல்லாமல் வாழ்க்கைப் பிரச்சினை ஆகிவிட்டது.

கிடங்குக்காரர் தன் கட்சியை எளிமையாக எடுத்து வைத்தார். கடல், மணல், மேலே வெயில், கீழே தான். வேறெதுவும் வேண்டாம்.

"நான் என்ன துவைச்ச துணியா, வெயில்ல போட்டுக் காய வைக்க?" என்றாள் மனைவி. பிறகு, காய் நறுக்கிக்கொண்டே, அவரைப் பார்க்காமல் சொன்னாள்: "வெள்ளையா ஒண்ணு மேலேர்ந்து விழணும். அதை நான் துவைக்கவும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். சும்மா நின்னு பார்க்கணும். அவ்வளவுதான்."

கிடங்குக்காரரிடம் வெயில் பக்கம் இவ்வளவு நல்ல வாதம் ஏதும் கைவசம் இல்லை.

இந்த இடத்தில்தான் சகலை உள்ளே வந்தார். மனைவியின் அக்கா புருஷன். எதைச் சொன்னாலும் "என் அனுபவத்துல" என்று ஆரம்பிப்பதால் சொந்தபந்தங்களுக்குள் அவர் பெயரே 'அனுபவம்'. பனியைப் பற்றி அவருக்கு நிகராகப் பேச ஆள் கிடையாது. கம்பெனி செலவில் எங்கோ போனபோது, விமானம் மாறுகிற ஊரில், காத்திருப்புக் கூடத்துக் கண்ணாடி வழியாக அவர் பனியைப் பார்த்திருக்கிறார். இந்தக் கண்ணாடி விவரத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அவர் பெண்டாட்டி தங்கையிடம் சொன்னாள். தங்கை புருஷனிடம் சொன்னாள். அதோடு விஷயம் உலகத்துக்கே தெரிந்துவிட்டது. தெரிந்தது தெரியாமல் அவர் பேசிக்கொண்டிருந்தார்.

"நீங்க ரெண்டு பேரும் தனியாப் போனா சரிப்படாது சகலை" என்றார். "நாங்களும் வர்றோம். பனிங்கிறது விளையாட்டு இல்ல."

டிக்கெட் போடும் வேலை கிடங்குக்காரர் தலையில் விழுந்தது. நகல் எடுக்கும் கடைக்கும் சாவி செய்கிறவருக்கும் நடுவே ஒடுங்கி நின்ற டிராவல்ஸ் அலுவலகத்துக்குப் போனார். ஒரு சுவரில் பனிமலை, எதிர்ச் சுவரில் கடற்கரை. இரண்டுக்கும் நடுவே, கழுத்தில் பயணத் தலையணையை மாட்டிக்கொண்டு டிராவல்ஸ்காரர் உட்கார்ந்திருந்தார். அந்த நாற்காலியை விட்டு அவர் எங்கும் போனதாகத் தகவல் இல்லை.

கிடங்குக்காரர் இரண்டு சுவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வெயிலும் பனியும் ஒரே ஊரில் கிடைக்குமா என்று கேட்டார். சிரித்துவிடுவார் என்று எதிர்பார்த்தார். டிராவல்ஸ்காரர் சிரிக்கவில்லை.

"இருக்கே. கடலோரம். பகல்ல சட்டையைக் கழட்டிட்டு உட்காரலாம், அப்படி வெயில். ராத்திரியானா நல்லா பனி பெய்யும்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அதோடு எழுந்து வந்திருந்தால் அவர் யோக்கியராகவே கதையை முடித்திருப்பார். ஆனால் மனிதனுக்கு வாய் சும்மா இருப்பதில்லை.

"பனின்னா, எப்படி?"

"பனிதாங்க. காலைல எழுந்து பாருங்க, புல்லு நுனியெல்லாம் முத்து முத்தா நிக்கும். வண்டி சீட்டைத் துடைச்சிட்டுத்தான் உட்காரணும்."

கிடங்குக்காரருக்கு உடனே விளங்கிவிட்டது. அதிகாலை ஷிப்டுக்குப் போகும்போது அவர் ஸ்கூட்டர் சீட்டில் தினமும் துடைக்கிற அதே பனி. 'தலையில துணியைப் போட்டுக்கோ, சளி பிடிக்கும்' என்று அம்மாக்கள் சொல்கிற பனி. மேலிருந்து வெள்ளையாக விழுகிற சங்கதிக்கும் அதற்கும் பெயரைத் தவிர வேறு உறவு கிடையாது.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் யோசித்தார். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் வைத்தது மொழியின் குற்றம். அதற்கு ஒரு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் எப்படிப் பொறுப்பாவான்? தான் பொய் சொல்லப் போவதில்லை. டிராவல்ஸ்காரர் சொன்னதை அப்படியே சொல்லப் போகிறார். மிக நேர்மையான மனிதர்கள் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது இந்த முறையில்தான்.

"பகல்ல வெயில், ராத்திரி பனியாம்" என்றார் மனைவியிடம்.

"நெசமாவே பெய்யுமா?"

"நல்லா பெய்யும்னு சொன்னார்."

அவள் அவர் சட்டையில் ஒட்டியிருந்த நூலை எடுத்துவிட்டாள். அன்றைக்குப் படுக்கப் போகும்போது, யாரும் கேட்காமலே, மின்விசிறியை அவளே ஒன்றில் வைத்தாள். இத்தனை வருடத்தில் நடக்காத விட்டுக்கொடுப்பு. கிடங்குக்காரருக்குப் போர்வைக்குள் வியர்த்தது.

சகலை சந்தேகப்படுவார், குறுக்குக் கேள்வி கேட்பார், உண்மை தானாக வெளியே வரும், தான் சொல்ல வேண்டியிருக்காது என்று ஒரு நப்பாசை இருந்தது. சகலை கண்ணை மூடித் தலையாட்டினார். "பாலைவன ரகம். பகல்ல கொதிக்கும், ராத்திரி மைனஸ்ல போயிடும். என் அனுபவத்துல இந்த மாதிரி ஊர்ல விழுற பனிதான் முதல் தரம்." பிறகு பெட்டிகளின் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். பனியில் முதல் எதிரி பருத்தி என்றார். கிடங்குக்காரர் ரகசியமாகச் செருகிய அரைக்கால் சட்டைகளையும் கைவைத்த பனியன்களையும் மனைவி ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப்போட்டு, கம்பளியாக அடுக்கினாள். அத்தோடு நிற்காமல் அவருடைய கிடங்கு ஜாக்கெட்டையும் மடித்து மேலே வைத்தாள்.

"அது வேண்டாமே" என்றார் ஈனஸ்வரத்தில்.

"ஏன் வேண்டாம்? பனி பெய்யும்னு நீங்கதான சொன்னீங்க?"

வாயைத் திறந்தால் குட்டு வெளிப்படும், மூடினால் கம்பளி. மூடிக்கொண்டார். சகலை தன் பங்குக்குக் கறுப்புக் கண்ணாடி, ஊன்றுகோல், சறுக்குவதற்கு ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் பலகை எல்லாம் வாங்கி வந்திருந்தார். அந்தப் பலகையை ரயிலில் எங்கே வைப்பது என்று தெரியாமல், வழி முழுக்கக் கிடங்குக்காரர் மடியில் வைத்துக்கொண்டார். மனைவி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, மேகத்தைக் காட்டி, "இதுலேர்ந்துதான வரும்?" என்று கேட்டாள். இப்போது சொல்லிவிடலாம் என்று திரும்பினார். பலகை இடித்தது. சொல்லவில்லை.

போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். விடுதி வாசலிலேயே புழுக்கம் கழுத்தைக் கட்டிக்கொண்டது. பனி எப்போது பெய்யும் என்று மனைவி வரவேற்பு மேசைப் பெண்ணைக் கேட்டாள். "விடிகாலைல பாருங்கம்மா, பின்னாடி புல்வெளி பூரா இருக்கும்" என்றாள் அந்தப் பெண், தினமும் பார்க்கிற ஒன்றுக்கு இவ்வளவு ஆசையா என்ற ஆச்சரியத்தோடு.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் எழுந்தவள் மனைவிதான். ஸ்வெட்டர், மஃப்ளர், புதிதாக வாங்கிய கனத்த பூட்ஸ். மற்ற மூவரையும் எழுப்பி வரிசையாக அழைத்துக்கொண்டு புல்வெளிக்கு வந்தாள். வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. புல் நுனியெல்லாம் முத்து முத்தாக நின்றது. டிராவல்ஸ்காரர் ஒரு சொல்கூடப் பொய் சொல்லவில்லை.

நான்கு பேரும் அதைப் பார்த்தார்கள். சகலையின் கக்கத்தில் சிவப்புப் பலகை.

"ஆரம்ப நிலை" என்றார் சகலை. "மெல்லினப் பனி."

"வல்லினம் எப்போ வரும்?" என்று கேட்டாள் அவர் பெண்டாட்டி. "நம்ம வீட்டு மாடிக் கைப்பிடிச் சுவர்ல தினமும் இருக்கே, அது இடையினமா?"

மனைவி குனிந்து ஒரு புல்லைத் தொட்டாள். விரலைப் பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் பார்த்தது புருஷனை அல்ல.

"அத்தான், நம்மள்ல பனியைக் கண்ணால பார்த்தவரு நீங்க ஒருத்தர்தானேன்னு, உங்க அனுபவத்தைத்தான் நம்பினேன்."

சகலை வாயைத் திறந்தார். வழக்கமான முன்னுரை வரவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். அதுவரை இருந்த கம்பீரமெல்லாம் சூரியனைக் கண்ட பனிபோல விலகியது. எந்தப் பனி என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. "எனக்கு என்னம்மா தெரியும்?" என்றார். "நான் ஏர்போர்ட்ல கண்ணாடி வழியா பார்த்ததுதான். தொட்டுக்கூடப் பார்த்ததில்ல."

கிடங்குக்காரருக்கு இதைவிட நல்ல முடிவு கிடைத்திருக்காது. பழி போய்ச் சேர வேண்டிய மாதிரி ஒரு தலையில் இறங்கிவிட்டது. அந்தத் தலையைப் பல வருடமாக அவருக்குப் பிடிக்காது. இரண்டு நாள் சும்மா இருந்தால் போதும். ஆனால் கண்ணாடியைக் கழற்றிய சகலையின் முகம், மாவு சலித்த பிறகு கிடக்கிற காலிச் சல்லடை மாதிரி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"அவரை விடு" என்றார். "எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"இந்தப் பனிதான்னு."

"எப்பலேர்ந்து?"

"டிராவல்ஸ்லேயே."

மனைவி புல்லில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினாள், பிறகு காலுறையை. வெறுங்காலோடு புல்வெளியின் அந்தக் கோடிவரை நடந்துபோய்த் திரும்பி வந்தாள். பின்னால் அவள் காலடி பட்ட இடமெல்லாம் கரும்பச்சையாகக் கோடு விழுந்திருந்தது.

"குளிர்ச்சியாத்தான் இருக்கு" என்றாள். அவ்வளவுதான்.

கடை திறந்ததும் மனைவியும் அக்காவும் போய்ப் பருத்தித் துணிகள் வாங்கி வந்தார்கள். தங்களுக்குச் சில, சகலைக்குப் பூப்போட்ட சட்டை. கிடங்குக்காரர் பையைத் துழாவிவிட்டு, "எனக்கு?" என்றார்.

"உங்களுக்கா? உங்களுக்குத்தான் பனி பெய்யுமே. ஜாக்கெட்டைப் போட்டுக்கங்க. நான் சொல்ற வரைக்கும் கழட்டக் கூடாது."

இப்படியாக அவர் வருடம் முழுக்க ஏங்கிய வெயிலில், ஏங்கிய மணலில், பஞ்சு வைத்த ஜாக்கெட்டோடு உட்கார்ந்தார். நெற்றியிலிருந்து வழிந்தது; இந்த முறை அழுகிறாரோ என்று யாரும் தோளைத் தட்டவில்லை. தொப்பி விற்றுக்கொண்டு வந்தவர் அவரைப் பார்த்ததும் சுற்றிக்கொண்டு போனார். கொஞ்ச தூரத்தில் மணல்மேட்டிலிருந்து சிவப்புப் பலகையில் சகலை சறுக்கி வந்தார். சறுக்கல் நன்றாக வந்தது. இரண்டாம் தடவை வேடிக்கை பார்த்தவர்களிடம், "என் அனுபவத்துல, மணல்தான் பனியைவிட..." என்று அவர் ஆரம்பித்தது காதில் விழுந்தது. விலகிய பனி மறுபடி மூடிவிட்டது.

மதியம் தாண்டி மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "டிராவல்ஸ்காரருக்கு ஃபோன் போடுங்க. எல்லாருக்கும் கேக்கிற மாதிரி வைங்க."

போட்டார். அடுத்த தடவை எப்போது லீவு சேர்ந்து வருகிறதோ அப்போதைக்குப் பனி வேண்டும் என்றார்.

"பனின்னா எந்தப் பனி? மூடுபனியா, உறைபனியா?" என்று டிராவல்ஸ்காரர் கேட்டதும் மனைவி ஃபோனைப் பிடுங்கினாள்.

"வெள்ளையா இருக்கணும். மேலேர்ந்து விழணும். கையில அள்ளணும். துடைக்கிற பனி வேண்டாம்."

"இருக்கும்மா. மலைமேல, வடக்கே."

"அங்க வெயில் அடிக்குமா?" என்றார் கிடங்குக்காரர் குனிந்து, கடைசி நம்பிக்கையோடு.

"பளிச்சுன்னு அடிக்குங்க. என்ன, சுடாது."

மனைவி சிரித்தாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது அத்தனையும் சேர்ந்து வந்த சிரிப்பு. "அதையே போடுங்க அண்ணே" என்றாள் ஃபோனில். பிறகு புருஷனைப் பார்த்து, "வெயில்னு அவரே சொல்லிட்டாரு. நான் ஒண்ணும் மறைக்கல" என்றாள்.

அவள் கையை நீட்டி, அவர் கழுத்தடியில் இருந்த ஜாக்கெட் ஜிப்பைப் பிடித்து, விரிப்பின் ஓரத்தை உருளைக்குள் கொடுக்கிற அதே கவனத்தோடு, கீழே இழுத்துவிட்டாள்.

"காயுங்க" என்றாள்.