ஏழாம் நம்பர் கார் குடித்த தண்ணீர்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. கூட்டேரிப்பட்டு முக்கில் மல்லாட்டை (உங்கள் ஊரில் வேர்க்கடலை) வறுத்து விற்கும் லூர்துமேரியுடையது. முதலிலேயே சொல்லிவிட்டேன், பிறகு கண்டுபிடித்துத் திட்டாதீர்கள். மூன்று தொடக்கங்களைக் கிழித்துப் போட்டேன். தப்பியது இது ஒன்றுதான்:

'1936, தை மாதம். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே புழுதி கிளம்பி வானத்தை

(வானத்தை என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. விடுங்கள்.)

2

சங்கதி இதுதான். பட்டணத்திலிருந்து திருச்சிக்கு மோட்டார் ராலி.* பத்து வயது லூர்துமேரி, சாலையில் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த அம்மாவுக்குக் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தாள். கார்கள் பறந்தன. அந்தச் சத்தம் அவள் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஏழாம் நம்பர் போட்ட சிவப்புக் கார் மட்டும் ஆவி கக்கிக்கொண்டு அவள் முன்னால் நின்றது.

"பாப்பா, வண்டிக்குக் கொஞ்சம் தண்ணி ஊத்தும்மா!" என்றார் ஓட்டி வந்தவர்.

ஊற்றினாள். ஊர்த்தெருவில் யாரும் தொடாத குடம் அது. யாருடைய தண்ணீர் என்று கார் கேட்கவில்லை, மடமடவென்று குடித்தது. அன்று பிடித்த பைத்தியம் அவளுக்கு இன்றுவரை தெளியவில்லை. திரும்பிப் பார்க்காமலே சத்தத்தை வைத்து இன்ன கார் என்று சொல்லிவிடுவாள். சண்டைக் காலத்தில் பெட்ரோல் இல்லாமல் கரி போட்டு பஸ் ஓட்டினார்களே, அதைப் பார்த்து, "இது ஓட்டமா? இருமிக்கினு போவுது, பேஜாரு!" என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்த ராலி மறுபடி இந்த வழியாக வரவே இல்லை. ஆனாலும் வருஷா வருஷம் தை மாதம் சாலையோரம் ஒரு குடம் நிறைத்து வைக்கிறாள்.

(* அப்போது எங்களுக்கு ராலி என்ற சொல் தெரியாது. 'ரேஸ் காரு' என்போம். 'எங்களுக்கு' என்று எழுதிவிட்டேனே. இருக்கட்டும், அடிக்கவில்லை.)

3

பிறகு இப்படி எழுதினேன்: 'ஓட்டி வந்தவரும் கையேந்தினார். லூர்துமேரி ஊற்றினாள். வயிறு நிறையக் குடித்துச் சிரித்தார்.' நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்து, போன வாரம் அவளிடமே படித்துக் காட்டினேன். சட்டியில் மல்லாட்டையைக் கிளறிக்கொண்டே கேட்டாள்.

"அவரு எங்க குடிச்சாரு? காருதான் குடிச்சிது. நீங்கதான் அங்க இருந்தீங்களே, சின்னய்யா."

"கதைக்காக..."

"அது கெடக்கட்டும். காரு திரும்பி வர்ற மாதிரி எழுதினீங்களா, இல்லியா?"

4

எழுதாமல் விட்டது இது. பக்கத்து மல்லாட்டைக் கொல்லை எங்களுடையது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அந்த மனிதர் அவள் குடத்துக்குக் கீழே கையேந்தியதைப் பார்த்தேன். பித்தளைச் சொம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"வேணாம் சார், அது சேரித் தண்ணி! எங்க ஊட்டுத் தண்ணி குடிங்க!"

அவர் கையை இழுத்துக்கொண்டார். சொம்பை வாங்கிக் குடித்தார். சரித்த குடத்தை அவள் மெல்ல நிமிர்த்தினாள். மிச்சத்தையும் காருக்கே ஊற்றினாள். அதன் மூக்கைப் பாவாடையால் துடைத்துவிட்டாள். கார் போன பிறகும் புழுதியையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்க்கவில்லை.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. பன்னிரண்டு வருஷமாக இருக்கிறது.

5

முடிவுகள்:

அ. கார் திரும்பி வருகிறது. அவளை ஏற்றிக்கொண்டு விழுப்புரம் வரை

(பொய். அவள் கேட்டது இதைத்தான். ஆனால் எழுதினால் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள்.)

ஆ. கார் வரவே இல்லை. அவள்

(இதை எழுத எனக்கு என்ன யோக்கியதை?)

ஆகவே நான் முடிக்கப்போவதில்லை. காரை நிறுத்திவிட்டேன், ஆவி வருகிறது, அவள் குடத்தைச் சரிக்கிறாள். நான் சொம்பைக் கவிழ்த்துவிட்டுக் கொல்லையிலேயே உட்கார்ந்திருக்கிறேன், இந்த முறை ஓடி வர மாட்டேன். கையேந்தி நிற்பது நீங்கள். உங்களுக்கும் தாகமாகத்தான் இருக்கும்.