பாதர் ஸ்கூல் டீம்

பாடையைத் தூக்கக் குனிந்த நான்கு கிழவர்களும் ஒரே நேரத்தில் நெற்றி, நெஞ்சு, இரண்டு தோள் என்று தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். மேளம் நின்றுவிட்டது. கொள்ளிச்சட்டியோடு முன்னால் நின்ற தமிழ்மாறன் என்னவோ ஏதோ என்று திரும்பினான்.

"இன்னாங்க இது?" என்றார் சித்தப்பா முருகையன். "எங்கண்ணன் கிறிஸ்தவ வேதத்துல சேந்துட்டாரா?"

நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர்கூடக் கிறிஸ்தவர் இல்லை. ஸ்ரீனிவாசராகவன் நெற்றியில் பளிச்சென்று திருமண். கலீமுல்லா தலையில் தொப்பி.

"பழக்கம்பா," என்றார் கலீமுல்லா. "மேட்ச்சுல எறங்கறதுக்கு மின்னாடி பாதர் போட வெப்பாரு. உங்கண்ணன் ஜவஹரோட சேத்து அஞ்சு பேரும் போடுவோம். குனிஞ்சதும் கை தானா பூட்ச்சு."

சாந்தோமில் இருந்த அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு புனிதரின் பெயர் உண்டு. மயிலாப்பூரில் பாதர் ஸ்கூல் என்றால்தான் தெரியும். படிப்பு சுமார், பாஸ்கெட்பால் என்றால் மற்ற பள்ளிகளுக்கு வயிற்றைக் கலக்கும். தெருவில் உயரமாக ஒரு பையன் போனால் பாதர் சைக்கிளை நிறுத்தி வீடு எங்கே என்று கேட்பாராம். குப்பமோ மாடவீதியோ, அப்படித்தான் ஆள் பிடித்தார். பிறகு பையன்கள் வருவது குறைந்து, ஒரு கோடை விடுமுறைக்குப் பூட்டியவர்கள் திறக்கவே இல்லை. அப்பா அதைப் பற்றி வீட்டில் வாயே திறந்ததில்லை.

"அதெல்லாம் வுடு," என்றார் சித்தப்பா. "சேந்துருந்தா பொதைக்கணும், கொளுத்தக் கூடாது. நான் தோள் குடுக்க மாட்டேன். நீ சொல்லு தமிழு, உங்கப்பன் எந்தப் பக்கம்?"

தமிழ்மாறன் யோசித்துப் பார்த்தான். அப்பா கபாலி கோயிலுக்குப் போவார். மாதா கோயில் வாசலில் ஸ்கூட்டரை மெதுவாக்குவார். அது வேகத்தடைக்காக என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தான். அப்பா போய்விட்டார் என்பதே இன்னும் மனதில் ஏறவில்லை, அதற்குள் அப்பா யார் என்று கேட்கிறார்கள்.

"தெரில சித்தப்பா," என்றான். "சத்தியமா எனுக்கு ஒண்ணும் புரியல. நீ தூக்காம எப்பிடி அப்பாவ அனுப்புறது?"

சித்தப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். தெருவே காத்திருந்தது.

"என்னியும் அந்த ஸ்கூலுக்கு எங்கண்ணன் இட்டுனு போனான்," என்றார், யாரையும் பார்க்காமல். "ஒசரம் பத்தலன்னு அந்த பாதர் அனுப்ச்சுட்டாரு. அதோட அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் ஆயிட்டோம்."

சொல்லிவிட்டு, தலைமாட்டுப் பக்கம் மூங்கிலை ஒட்டிப் போய் நின்றார்.

தூக்கினார்கள். ஆறடி ஆட்களின் தோளில் பாடை எங்கேயோ ஏறி நின்றது. சித்தப்பா அடியில் தோளை உயர்த்தி, குதிகாலைத் தூக்கிப் பார்த்தார். எட்டவில்லை. அழுகை அப்போதுதான் அவருக்கு வந்தது.

கலீமுல்லா மற்றவர்களிடம் மெல்ல ஏதோ சொன்னார். நான்கு பேரும் முழங்காலை மடக்கி இறங்கினார்கள். மூங்கில் சித்தப்பாவின் தோளில் வந்து உட்கார்ந்தது. மூட்டுவலிக்கு மாத்திரை போடுகிற வயதில், குந்தியும் குந்தாமலும் அப்படியே நடக்க ஆரம்பித்தார்கள். தெருமுனையில்தான் சவ வண்டி நின்றது.

கொள்ளிச்சட்டி எடுத்துப் போகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று யாரோ சொன்னார்கள். தமிழ்மாறன் இரண்டு தடவை பார்த்தான்.