நாலு சைஸ் சாம்பிள்

தரணீதரன் யாரையும் வெறுங்கையோடு அனுப்பிப் பழகாதவர். வீரபாண்டியில் நாற்பது மெஷின் போட்டு பனியன் கம்பெனி நடத்துகிறவரிடம் கொடுப்பதற்கு வேறென்ன இருக்கும்? டீசர்ட்தான். கேஸ் சிலிண்டர் போடுகிறவர், பல் பிடுங்கிய டாக்டர், அபராதம் எழுதிய போலீஸ்காரர் என்று எல்லோருக்கும் ஒன்று. ஆளை ஒரு தடவை ஏற இறங்கப் பார்ப்பார், சைஸ் தெரிந்துவிடும். டேப்பைக் கையில் எடுத்ததே கிடையாது. ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கு ஒரு பை நிறைய எப்போதும் காரில் கிடக்கும்.

அவர் மனைவி சுபஸ்ரீக்கு இது தீராத வேடிக்கை. "ஊருக்கெல்லாம் குடுக்கறீங்க, யாருகிட்டயாச்சும் எதையாச்சும் கேட்டிருக்கீங்களா?" என்பாள். கேட்டதில்லைதான். கேட்கிற இடத்தில் நிற்பது என்றால் அவருக்கு உடம்பெல்லாம் கூசும். கொடுக்கிறவராகவே காலத்தை ஓட்டிவிட்டால் அந்தச் சங்கடம் வராது என்று நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

அப்படிப்பட்டவர் சென்ற வைகாசியில் சிகாகோவுக்குப் புறப்பட்டார். அங்கே மொத்தமாகச் சரக்கு வாங்கும் ஒரு பையர் அம்மாள், அவர் அனுப்பிய சாம்பிளை இரண்டு தடவை திருப்பி அனுப்பியிருந்தாள். ஒருமுறை துவைத்தாலே பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வந்துவிடுகிறது என்பது புகார். நியாயமான புகார். துணியையே புதிதாகப் பின்னி, நாலு சைஸில் சைஸுக்கு ஒன்றாக நாலே பீஸ் தைத்து எடுத்துக்கொண்டார். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவற்றை அவள் மேஜையில் வைக்க வேண்டும்; அன்றோடு அந்த சீசனுக்கான முடிவு. இந்த ஆர்டரும் போனால் ஆடியிலிருந்து மெஷின்கள் சும்மா நிற்கும். பத்து வருஷமாகக் கூடவே இருக்கும் டெய்லர்களைக் கூப்பிட்டு, வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். அதை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்காது.

புறப்படுகிற அன்று, ஆபீஸில் பையர் விவகாரங்களைப் பார்த்துக்கொள்ளும் கவிப்பிரியா அவர் போனில் ஒரு ஆப் ஏற்றிக் கொடுத்தாள். விமான நம்பரையும் சீட் நம்பரையும் போட்டால், அதே விமானத்தில் வருகிறவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்துவிடலாம், பறக்கும்போதே பேசிக்கொள்ளலாம். இறங்கி ஆறு மணி நேரத்தில் குழு தானாகக் கலைந்துவிடும்.

"எனக்கு எதுக்கு கண்ணு இதெல்லாம்?"

"அபுதாபியிலிருந்து பதினஞ்சு மணி நேரமுங்க சார். பக்கத்து சீட்டுக்காரர் தூங்கிட்டா நீங்க யாருகிட்ட பேசுவீங்க?"

அவள் சொன்னது போலவே பக்கத்து சீட்டுக்காரர் பெல்ட் போட்ட கையோடு தூங்கிவிட்டார். தரணீதரன் ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஆப்பைத் திறந்தார். குழுவில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். எந்தப் படம் நன்றாக இருக்கிறது, எந்தக் கழிப்பறை காலி என்று ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். இவர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "வணக்கம், எல்லாரும் சாப்பிட்டு விட்டீர்களா?" என்று போட்டார். அடுத்த நிமிஷம் நாற்பதாம் வரிசையிலிருந்து தமிழில் பதில் வந்தது. "நீங்க நம்மூர்ப் பக்கமுங்களா?"

தமிழ்மதி, பொங்கலூர்ப் பெண். சிகாகோவில் படிக்கிறாள். விமானம் முழுவதற்கும் சாப்பாடு விசாரிக்கிற ஆள் வேறு எந்த ஊரிலிருந்து வரப்போகிறார் என்று கேட்டாள். அவளுக்குப் பின்னால் சுடலை வந்தார். திருநெல்வேலிக்காரர், சிகாகோவில் ஒரு ஓட்டலில் சமையல் மாஸ்டர். பிறகு சிகாகோவில் லாரி ஓட்டும் ஒரு பஞ்சாபிக்காரர். பிறகு, ஓய்வு பெற்ற ஒரு அமெரிக்கத் தபால்காரர். தமிழ்நாட்டுக் கோயில்களைச் சுற்றிவிட்டுத் திரும்புகிறவர், அவிநாசிக் கோபுரத்தின் போட்டோவை உடனே குழுவில் போட்டார். தரணீதரனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

விளக்கைக் குறைத்த பிறகு ஐந்து பேரும் விமானத்தின் பின்கோடியில், பணிப்பெண்கள் தேநீர் கலக்கும் இடத்துக்கு அருகில் கூடி நின்றார்கள். சுடலை தன் ஓட்டலில் வெள்ளைக்காரர்கள் ரசத்தைச் சூப்பு மாதிரிக் குடிக்கும் அழகை நடித்துக் காட்டினார். லாரிக்காரர் தன் லாரியின் படத்தைப் பெற்ற பிள்ளையின் படம் போலக் காட்டினார். இத்தனை நல்ல மனிதர்களைச் சும்மா விடுவதா? தரணீதரன் தன் சீட்டுக்குப் போய், தலைக்கு மேலிருந்த அறையில் கைவிட்டு, மிஞ்சிய சரக்கு வைத்திருந்த வெள்ளைப் பையை எடுத்து வந்தார். மங்கல் வெளிச்சத்தில் நாலு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார். தமிழ்மதிக்கு ஸ்மால். தபால்காரருக்கு மீடியம். லாரிக்காரருக்கு லார்ஜ். தொந்தி சரிந்த சுடலைக்கு எக்ஸ்எல். கவர் மேலிருந்த சைஸ் ஸ்டிக்கரைப் பார்த்துப் பார்த்து ஆளுக்கொன்று கையில் வைத்தார். எல்லோரும் மகிழ்ந்தார்கள். சுடலை அப்போதே கழிப்பறைக்குள் போய் மாட்டிக்கொண்டு வந்து நின்றார். அந்த வெளிச்சத்தில் தரணீதரன் பார்த்தது அளவைத்தான்; கச்சிதம்.

காலை ஒன்பதுக்கு இறங்கி, பதினோரு மணிக்கு ஓட்டல் அறைக்குள் நுழைந்த தரணீதரன், முதல் வேலையாகச் சாம்பிளை ஹேங்கரில் மாட்ட எண்ணிப் பையைத் திறந்தார். மஞ்சள் வாத்துப் படம் போட்ட டீசர்ட் ஒன்று வந்தது. அடுத்ததும் வாத்து. அதற்கடுத்ததும் வாத்து. பை முழுக்க மிஞ்சிய சரக்கு. அவர் கொண்டு வந்தது ஒரே மாதிரி இரண்டு வெள்ளைப் பைகள். அபுதாபிச் சோதனையில் இரண்டையும் கொட்டிப் பார்த்துத் திரும்ப அடைத்தபோது சாம்பிள் நாலும் மற்றப் பையில் சரக்குக்கு மேலாகப் போய்விட்டன. துணியைத் தொட்டிருந்தால் தூக்கத்தில்கூடக் கண்டுபிடித்திருப்பார். கவரோடு எடுத்துக் கவரோடு கொடுத்த புண்ணியவானுக்கு யார் என்ன செய்ய முடியும்?

கட்டிலில் உட்கார்ந்து சுபஸ்ரீக்குப் போன் போட்டார். அவள் முழுவதையும் கேட்டாள். கோபித்துக்கொள்ளவில்லை.

"அந்த ஆப்புல இன்னும் ஆளுக இருக்காங்கல்லோ? கேட்டுப்போடுங்க."

"குடுத்ததத் திருப்பிக் கேக்கறதா சுபா?"

"ஆமாங்க."

"என்னன்னு நினைப்பாங்க? அல்பம்னு நினைக்க மாட்டாங்களா? அந்த மாஸ்டர் போட்டே போட்டுட்டாருங்கறேன்."

"என்ன வேணா நினைக்கட்டுமுங்க. நாளைக்கு நம்ம டெய்லருக மூஞ்சியப் பாத்து உங்களால சொல்ல முடியுமா? அது சுலபமா, இது சுலபமா?" என்றாள். பிறகு, "வெக்கமாத்தான் இருக்கும். பரவால்லீங்க. ஒரு தடவை வெக்கப்பட்டுக்குங்க" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

மூன்று மணிக்குக் குழு கலைந்துவிடும். தரணீதரன் எழுதினார், அழித்தார். குளித்துவிட்டு வந்து எழுதினார், மறுபடி அழித்தார். விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன் என்று ஒரு தடவை எழுதி, அது இன்னும் அசிங்கமாகத் தோன்றவே அதையும் அழித்தார். ஐம்பதை நெருங்குகிற மனிதருக்கு நாலு வரி எழுத இரண்டரை மணி நேரம் ஆயிற்று. ஒன்றரைக்கு, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினார்.

"மன்னிக்க வேண்டும். நான் தவறான சட்டையைக் கொடுத்துவிட்டேன். அவை நாளை காலை பத்து மணிக்கு நான் காட்ட வேண்டிய சாம்பிள். அவை இல்லாவிட்டால் என் கம்பெனிக்கு வேலை இல்லை. திருப்பித் தர முடியுமா? உங்களிடம் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது." கீழே ஓட்டல் விலாசமும் அறை எண்ணும்.

போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். பார்க்கத் தைரியம் வரவில்லை.

முதலில் வந்தவர் தபால்காரர். நாலு மணி இருக்கும். கவர் பிரிக்காமல், தபால் கொடுப்பது போலவே கதவைத் தட்டி நீட்டினார். வாழ்நாள் முழுக்கச் சரியான விலாசத்தில் கொண்டு சேர்ப்பதுதான் தன் தொழில் என்றார். பிறகு கீழே வரவேற்பறையிலிருந்து அழைப்பு. லாரிக்காரர் நிற்கவே கூடாத இடத்தில் லாரியை நிறுத்திவிட்டு, லார்ஜைக் கொடுத்துக் கட்டிப் பிடித்துவிட்டு ஓடினார். தமிழ்மதி ரயில் மாறி ரயில் ஏறி வந்தாள்.

"சிரமம் குடுத்துட்டேன் அம்மிணி."

"அட விடுங்ணா. எங்கப்பாவும் உங்கள மாதிரிதான், கேட்கச் சொன்னா காய்ச்சலே வந்துரும்" என்றாள். "எக்ஸ்எல் வந்துருச்சுங்களா?"

வரவில்லை. சுடலை அந்தச் செய்தியைப் பார்க்கவே இல்லை; மூன்று மணிக்குக் குழுவும் கலைந்து போயிற்று. போதாக்குறைக்கு, போன தடவை மோசமாக முறுக்கிக்கொண்டது எக்ஸ்எல்தான். பையர் அதைத்தான் முதலில் கேட்பாள். தமிழ்மதிக்கு அவருடைய ஓட்டலின் பெயர் மட்டும் நினைவிருந்தது. "நான் தேடிப் புடிக்கறேனுங்ணா, நீங்க தூங்குங்க" என்று பையர் ஆபீஸ் விலாசத்தை வாங்கிக்கொண்டு போனாள். அவர் தூங்கவில்லை, சாப்பிடவும் இல்லை.

மறுநாள் பத்து மணிக்கு மூன்று சாம்பிளும் மேஜை மேல் இருந்தன. பையர் நரைத்த முடியும் கூர்மையான கண்ணும் கொண்டவள். துணியைத் தடவினாள், கழுத்தை இழுத்துப் பார்த்தாள்.

"எக்ஸ்எல் எங்கே?"

தரணீதரன் ஒரு பொய் தயாரித்து வைத்திருந்தார். வாயைத் திறந்ததும் வேறு வந்தது. விமானம், ஆப், ரசம், இரண்டு பைகள் என்று ஒன்று விடாமல் சொல்லிவிட்டு, "எனக்கு ஒரு நாள் அவகாசம் தர முடியுமா?" என்று கேட்டார். இருபத்து நாலு மணி நேரத்தில் இரண்டாவது தடவையாகக் கேட்கிறார். பையர் பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. வரவேற்புப் பெண்ணுக்குப் பின்னால் மூச்சு வாங்க நின்றார் சுடலை, எக்ஸ்எல்லைப் போட்டபடி.

"மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி. அந்தப் பிள்ள காலைலதான் புடிச்சு வெவரம் சொல்லுச்சு. நேத்தே சாம்பார் கொட்டிட்டு, அதனால கடை மெஷின்ல ஏப்ரனோட சேத்துக் கொதிக்கக் கொதிக்கத் துவச்சுட்டேன். காயல. போட்டுட்டு வந்தா மேல் சூட்டுல காஞ்சிரும்லா."

தரணீதரனின் கண் பக்கத் தையலுக்குப் போயிற்று. கொதிக்கிற தண்ணீரில் எந்தப் பனியனும் தன் குணத்தைக் காட்டிவிடும். பையர் அவர் மொழிபெயர்க்கும் வரை காத்திருக்கவில்லை. ஈர வாசனையே அவளுக்குப் போதுமாக இருந்தது. சுடலையைக் கையைத் தூக்கி நிற்கச் சொன்னாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து, அக்குளிலிருந்து இடுப்பு வரை பக்கத் தையலை விரலால் பிடித்துக்கொண்டே வந்தாள். இந்தப் பக்கம் முடித்து அந்தப் பக்கம் போனாள். சுடலை கூச்சத்தை அடக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

"நேராக இருக்கிறது" என்றாள். கழுத்துப் பட்டையைக் கொஞ்சம் அகலமாக்கச் சொன்னாள். மற்றதெல்லாம் சரி, ஆர்டரை இன்றே அனுப்புகிறேன், ஆனால் அந்தச் சட்டை எனக்கு வேண்டும் என்றாள். தரணீதரன் பையிலிருந்த வாத்துப் படம் போட்ட எக்ஸ்எல்லைச் சுடலை மாட்டிக்கொண்டு வந்தார்.

தெருவுக்கு வந்ததும் தரணீதரன் முதலில் சுபஸ்ரீக்குச் செய்தி அனுப்பினார். சுடலை மணி பார்த்தார்.

"அப்போ நான் கெளம்புதேன் அண்ணாச்சி. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடை தொறக்கணும்."

தரணீதரனின் கை வழக்கம் போலப் பைக்குள் போயிற்று. சுடலையின் வீட்டில் எத்தனை பேர், என்னென்ன சைஸ் என்று கேட்க வாயெடுத்தார். பிறகு கையை வெளியே எடுத்துக்கொண்டார்.

"ஏனுங்க சுடலை, நேத்துலருந்து நானொண்ணும் சாப்புடலீங்க. பசி தாங்கலீங்க. உங்ககூட வரட்டுங்களா? எனக்குக் கொஞ்சம் சோறு போடுங்க."

சுடலை அவர் தோளிலிருந்த பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ் நிற்கும் பக்கமாக முன்னால் நடந்தார்.