நெத்திலிக்கு மொய்

என் தம்பி மகள் கயலுக்கு மஞ்சள் நீராட்டு நடந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், நான் ஆழ்வார்பேட்டையில் ஒரு நாய் ஆஸ்பத்திரியில் நின்றுகொண்டிருந்தேன். மேஜைமேல் என் நெத்திலி. ஆறு வருடமாக நொச்சிக்குப்பம் ரோட்டில் என் மீன் கூடைக்குக் காவல் இருந்தவள், தலையைத் தூக்கக்கூட முடியாமல் கிடந்தாள்.

“கர்ப்பப்பை முழுக்கச் சீழ்மா,” என்றார் டாக்டர் ஸஹானா. “இன்னைக்கே எடுத்தாகணும். சாயங்காலம் தாண்டினா கஷ்டம். இருபத்தெட்டாயிரம் ஆகும்.”

என்னிடம் இருந்தது ஐயாயிரம். கம்மல் போன மாதமே அடகுக்குப் போய்விட்டது. தம்பி நாகராஜுக்குப் போன் போட்டேன். எடுத்தவள் அவன் பெண்டாட்டி பாஞ்சாலி.

“இன்னா அண்ணி, நல்ல நாளும் அதுவுமா நாய்க்குத் துட்டு கேக்கற? ஒண்ணு பெத்திருந்தா இப்டி நாயைக் கட்டிக்கினு அழுவமாட்ட. மண்டபத்துக்கு வந்தா நேரா பந்திக்குப் போயிடு. மேடையில ஏறாத. நலங்கு வைக்கப் புள்ள பெத்தவங்க கீறாங்க.”

பிள்ளை இல்லை என்று என் புருஷன் விட்டுப் போனபோதுகூட எனக்கு இப்படி வயிறு எரியவில்லை. இந்தக் கயல் பிறந்தபோது பத்து நாள் துணி அலசிப் போட்டவள் நான். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஆத்திரம் வந்தால் எனக்குப் புத்தி நன்றாக வேலை செய்யும்.

எங்கள் குப்பத்தில் கல்யாணம், காதுகுத்து, புதுவீடு என்று எதுவானாலும் மொய் வைப்போம். வைத்தது நம் வீட்டு விசேஷத்தில் திரும்பி வரும். சும்மா போய்க் கேட்கக் கூடாது, விசேஷம் நடந்தாக வேண்டும். இருபத்திரண்டு வருடமாக ஊருக்கெல்லாம் வைத்தேன். என் வீட்டில் விசேஷமே நடக்காததால் ஒரு பைசா திரும்பவில்லை. எல்லோரும் மறந்துவிட்டார்கள். நான் ஒன்றுவிடாமல் நோட்டில் எழுதி வைத்திருந்தேன்.

ஐயாயிரத்தைக் கட்டிவிட்டு, “மூணு மணிக்குள்ள மீதியோட வரேன் டாக்டரம்மா. அதுவரைக்கும் தாங்கற மாதிரி ஊசி போட்டு வைங்க” என்று சொல்லிக் கிளம்பினேன். குப்பத்தில் நோட்டை எடுத்துக்கொண்டு மந்தைவெளி மண்டபத்துக்கு ஆட்டோ பிடித்தேன்.

வாசலில் மொய் எழுத உட்கார்ந்திருந்தவன் எங்கள் தெரு பாலு. அவன் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒரு தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

“இன்னாக்கா இது?”

“என் வூட்டு விசேஷம். என் பொண்ணுக்கு ஆபரேஷன்.”

“உனுக்கு ஏதுக்கா பொண்ணு?”

“நெத்திலி.”

பாலு சிரித்தான். நான் நோட்டைத் திறந்தேன். “பாலு. உன் கல்யாணத்துக்கு ஆயிரத்தொண்ணு. உன் தங்கச்சி வளைகாப்புக்கு ஐந்நூறு.” சிரிப்பு நின்றது. பர்ஸ் வெளியே வந்தது.

அதற்கப்புறம் வாசலில் நுழைந்தவர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லி அழைத்தேன். செம்பியன் மாமாவின் புதுவீட்டுக்கு ரெண்டாயிரம் என்றபோது மாமா சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். என் தொண்டை ரோட்டில் மீன் விற்ற தொண்டை. மேடை வரைக்கும் கேட்டது. சிலர் முறைத்துக்கொண்டே வைத்தார்கள். பாஞ்சாலியைப் பிடிக்காத நாலு பேர் சந்தோஷமாக, கொஞ்சம் கூடவே வைத்தார்கள். பதினான்காயிரம் சேர்ந்தது. இன்னும் ஒன்பதாயிரம் வேண்டும்.

பாஞ்சாலி பட்டுப்புடவை சரசரக்க மேடையிலிருந்து இறங்கி வந்தாள்.

“எங்க மானத்த வாங்கறதுக்குன்னே வந்தியா அண்ணி?”

“மொய் வாங்க வந்தேன். உன் கல்யாணத்துக்கு மூவாயிரம், கயல் காதுகுத்துக்கு ரெண்டு, உங்க புதுவூட்டுக்கு நாலு. வட்டி வேணாம்.”

மண்டபமே பார்த்துக்கொண்டிருந்தது. நாகராஜ் தலையைக் குனிந்தபடி பாலுவின் பெட்டியிலிருந்து எண்ணி எடுத்தான். மகளுக்கு வந்த மொய்யில் முதலில் வெளியே போனது என் பணம். எனக்கு உள்ளம் குளிர்ந்தது, பொய் சொல்வானேன்.

“வாங்கினு போ,” என்றாள் பாஞ்சாலி. “நாளைக்கு உன் சாவுக்கு எவன் வந்து நிக்கறான்னு பாக்கறேன்.”

“நெத்திலி நிக்கும். அதுக்குத்தான் வசூல்.”

இரண்டரைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். நெத்திலி பிழைத்துக்கொண்டாள். பத்தாம் நாள் தையல் பிரித்தார்கள்.

மொய் வைத்தவர்களுக்குத் தாம்பூலப் பை கொடுக்காவிட்டால் அது என்ன விசேஷம்? தேங்காய், வெற்றிலை, பாக்கு போட்டுப் பைகளைக் கட்டி, நெத்திலியை நடத்திக்கொண்டு வீடு வீடாகப் போனேன். பாஞ்சாலி வீட்டுக்கு மட்டும், தெருக் குழாயில் தண்ணீர் வரும் நேரமாகப் பார்த்துப் போனேன். குடத்தோடு பத்துப் பெண்கள் வரிசையில் நின்றிருந்தார்கள்.

“என் பொண்ணு பொழைச்சிக்கிச்சு,” என்று பையை நீட்டினேன். “நீ மொய் வெச்ச இல்ல, புடி.”

வெற்றிலை பாக்கைத் தள்ளினால் அவள் வீட்டுக்குத்தான் ஆகாது. நெத்திலி வாசற்படியில் உட்கார்ந்து அவளை நிமிர்ந்து பார்த்தாள். பாஞ்சாலி தெருவை ஒருமுறை பார்த்துவிட்டு, இரண்டு கைகளையும் நீட்டி வாங்கிக்கொண்டாள்.