அதிர்ஷ்டத்துக்கு அரை கிளாஸ்

ஆல்டர்ஷா டவுன் கால்பந்து அணி அந்த சீசனில் கடைசி ஆட்டத்துக்கு முன்பு வரை வெளியூர் போய் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. இருபத்திரண்டு ஊர்களுக்குப் போயிற்று. பாதிக்கு மேல் தோல்வி, மிச்சம் டிரா. அத்தனைக்கும் நெவில் கூடவே போனான். மழையில் நனைந்தான், ரயிலைத் தவறவிட்டான், ஐந்து கோல் வாங்கியதை நின்று பார்த்துவிட்டு நாலு மணி நேரம் எவனும் வாயைத் திறக்காத பஸ்ஸில் வீடு திரும்பினான். வெளியே இருப்பவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனம். உள்ளே இருப்பவர்களுக்கும் அது தெரியும், தெரிந்தேதான் போகிறார்கள்.

உண்மையைச் சொல்லப்போனால் ஆட்டம் என்பது நடுவில் வருகிற ஒன்றரை மணி நேரத் தொல்லை. காலை பதினோரு மணிக்கே போய் இறங்கி, வெளியூர்க்காரர்களை உள்ளே விடுகிற பப் எது என்று விசாரித்து, மூலை மேசையைப் பிடித்து, மஃப்ளரைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டு, முதல் ரவுண்டு யார் என்று சண்டை பிடித்து, முப்பது வருடமாகச் சொன்ன அதே கதைகளைப் புதுசு மாதிரி சொல்லிச் சிரிப்பதுதான் அந்த நாள்.

அவர்கள் நாலு பேர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற நெவில். கூரைக்கு ஓடு மாற்றுகிற ட்ரெவர், வாய் மட்டும் அவனுக்கு ஓய்வே எடுக்காது. தபால் ஆபீஸ் போலீன், ஆண்களைவிட அதிகமாகக் குடித்துவிட்டு ஆண்களைவிட நேராக நடப்பவள். நாலாவது ஆள் டெஸ்மண்ட். பள்ளிக்கூடத்தில் பராமரிப்பு வேலை, பெரிய உடம்பு, குழந்தை முகம். மற்றவர்கள் முன்னால் பீர் இருக்கும், டெஸ்மண்ட் முன்னால் இஞ்சி சோடா இருக்கும்.

பதினான்கு மாதமாக இஞ்சி சோடாதான். அதற்கு முன்னால் அவன் குடித்த குடியைச் சொல்லி மாளாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறைத் தரையில் ரத்தமாக வாந்தி எடுத்துக் கிடந்தவனைத் தூக்கிக் காரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது நெவில். ஒன்பது நாள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததும் நெவில்தான். ஈரல் பாதி போய்விட்டது, இனி ஒரு சொட்டு உள்ளே போனாலும் நான் பொறுப்பில்லை என்று டாக்டர் கைகழுவினார். இன்னொரு முறை குடித்தால் பெட்டியைக் கட்டிவிடுவேன் என்றாள் மனைவி ஜேனிஸ். அவள் சும்மா மிரட்டுகிற பெண் அல்ல. வெளியூர் ஆட்டத்துக்கு அவனை அவள் விட்டதே நெவில் கூட இருக்கிறான் என்பதால்தான்.

மே மாதம், சீசனின் கடைசி ஆட்டம். ஊர் வெல்போர்ட், கடலோரம். ஜெயித்தால் ஆல்டர்ஷா லீகில் தங்கும். டிரா செய்தாலும் கீழ்ப் பிரிவுக்குப் போக வேண்டியதுதான். கீழே போனால் கிளப்பை இழுத்து மூடிவிடுவார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. நெவிலுக்கு வீட்டில் யாரும் இல்லை. கல்யாணம் நாலு வருடம் தாங்கியது, அதோடு சரி. அவனுக்கென்று இருந்தது சனிக்கிழமைகளும் இந்த மூன்று பேரும்தான். அது போய்விட்டால் அப்புறம் நான் யார் என்று ரயிலில் வரும்போதே அவன் மனசு அரித்துக்கொண்டிருந்தது.

‘மூன்று நங்கூரங்கள்’ பப்பில் கால் வைக்க இடமில்லை. பாதி பேர் ஆல்டர்ஷா, பாதி பேர் உள்ளூர். வெல்போர்ட்டுக்கு அந்த ஆட்டத்தில் ஜெயித்தும் ஒன்றுமில்லை, தோற்றும் ஒன்றுமில்லை. அதனால் உள்ளூர்க்காரர்கள் தாராளமாக இருந்தார்கள், சாவு வீட்டுக்கு வந்தவர்களைப் போல இவர்களைத் தோளில் தட்டிக்கொடுத்தார்கள். அந்த அன்பு போலீனுக்குப் பொறுக்கவில்லை. திட்டினால்கூடத் தாங்கலாம், இந்த இரக்கத்தைத் தாங்க முடியவில்லை என்றாள்.

ஒரு மணிக்குச் செய்தி வந்தது. முதல் கோல்கீப்பருக்கு முழங்கால் வீங்கிவிட்டது, ஆட மாட்டார். மேசை அப்படியே அடங்கிப்போயிற்று. அதிர்ஷ்டத்துக்கென்று அவரவர் செய்யவேண்டியதை எல்லாம் செய்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். போலீன் ஆகஸ்ட் மாதத்திலிருந்து ஆட்டத்துக்கென்று வைத்திருக்கும் காலுறையைத் துவைக்கவில்லை. ட்ரெவர் மூன்று வாரமாகச் சவரம் செய்யவில்லை. நெவில் எப்போதும் போல வலது கால் ஷூவை முதலில் மாட்டிக்கொண்டு வந்திருந்தான். இதற்கெல்லாம் அர்த்தமில்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஒருவரும் விடமாட்டார்கள்.

அப்போதுதான் ட்ரெவர் அதைக் கண்டுபிடித்தான். விரல் விட்டு எண்ணினான், டெஸ்மண்டைப் பார்த்தான், மறுபடி எண்ணினான்.

"டேய், நாம வெளியூர்ல கடைசியா ஜெயிச்சது எப்போ? போன வருஷம் பிப்ரவரி. அன்னிக்கு நம்ம டெஸ் என்ன பண்ணிட்டிருந்தான்? ஃபுல்லா ஏத்திட்டு பஸ்லயே தூங்கிட்டான். கிரவுண்டுக்கே வரல. இவன் நிறுத்தினான், டீம் படுத்திருச்சு. தரித்திரம் எங்கேர்ந்து வருதுன்னு தேடினா, இங்க உக்காந்து இஞ்சித் தண்ணி குடிச்சிட்டிருக்கு."

மேசையே சிரித்தது. பக்கத்து மேசையும் சிரித்தது. டெஸ்மண்டும் வயிறு குலுங்கச் சிரித்தான். இவ்வளவு பெரிய சக்தி எனக்கு இருக்கிறது என்று தெரிந்திருந்தால் சம்பளம் கேட்டிருப்பேனே என்றான். போலீன் ட்ரெவரின் தலையில் தட்டி, வாயை மூடு என்றாள். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம் அது.

அடுத்த ரவுண்டு நெவிலுடையது. கூட்டத்தில் இடித்துப் பிடித்துக்கொண்டு கவுண்டருக்குப் போனான். மூன்று பீர் சொன்னான். இஞ்சி சோடா என்று சொல்ல வாயைத் திறந்தவன் நின்றான். ட்ரெவர் சொன்னது காதிலேயே இருந்தது. பிப்ரவரி என்றால் பிப்ரவரிதான், அதில் பொய்யில்லையே. ஒரு வயசான மனுஷன், பேரக்குழந்தை எடுக்க வேண்டிய வயதில் நின்றுகொண்டு, ஒரு டம்ளருக்கும் ஒரு பந்துக்கும் முடிச்சுப் போட்டான். அரை கிளாஸ்தானே, மருந்து மாதிரி, இன்றைக்கு மட்டும்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. அவனேதான் கேட்டான், அவனேதான் தூக்கிவந்தான்.

அரை கிளாஸ் பீரை டெஸ்மண்ட் முன்னால் வைத்தபோது மேசையில் சிரிப்பு வரவில்லை. போலீன் கையில் இருந்த சிப்ஸ் பாக்கெட்டைக் கீழே வைத்தாள். டெஸ்மண்ட் கிளாஸைப் பார்த்தான். பிறகு நெவிலைப் பார்த்தான், வெகுநேரம்.

"நீயா சொல்ற, நெவ்?"

"அரை கிளாஸ்தான்டா. அதிர்ஷ்டத்துக்கு."

ட்ரெவர் வைத்திருந்தால் டெஸ்மண்ட் அதைத் தொட்டிருக்க மாட்டான். கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லித் தள்ளிவைத்திருப்பான். வைத்தது நெவில். ஒன்பது நாள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் சொன்னால் அதில் தப்பு இருக்காது என்று அந்தக் குழந்தை முகம் நம்பியது. ஒரே மடக்கில் குடித்தான். யாரோ கைதட்டினார்கள், பிறகு எல்லோரும் கைதட்டினார்கள்.

மூன்று மணிக்கு ஆட்டம். கிளம்பும்போது, நீங்கள் முன்னால் போங்கள், நான் கழிவறைக்குப் போய்விட்டு வருகிறேன் என்றான் டெஸ்மண்ட். குடித்த காலத்தில் நூறு தடவை சொன்ன அதே வார்த்தை. நெவிலுக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. வாசலில் நின்றான். கடிகாரத்தைப் பார்த்தான். பத்து நிமிடம்தான் இருந்தது. வந்துவிடுவான் என்று சொல்லிக்கொண்டு நடந்தான்.

டெஸ்மண்ட் வரவில்லை. முதல் பாதி முழுக்க நெவிலின் பக்கத்து இடம் காலியாக இருந்தது. புது கோல்கீப்பர் நடுங்கினாலும் கோல் விழவில்லை. இடைவேளையில் நெவில் படியிறங்கி வெளிவாசலுக்குப் போனான். அங்கே மஞ்சள் சட்டை போட்ட ஆள் ஒருவர், வெளியே போனால் திரும்ப உள்ளே விட மாட்டோம் சார் என்றார், மரியாதையாகத்தான் சொன்னார். தெருவின் முனையில் பப்பின் பலகை தெரிந்தது. நடந்தால் மூன்று நிமிடம்.

நெவில் அந்த வாசலில் நின்ற நேரத்தை அப்புறம் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்தான். உள்ளே பாட்டுச் சத்தம் எழுந்தது. அவன் திரும்பி நடந்தான். ஆட்டத்துக்காக மட்டும் திரும்பினான் என்றால்கூட மன்னித்துவிடலாம். இன்னும் கோல் விழவில்லை, அங்கே அவன் குடிக்கிறான், இங்கே டீம் தாங்குகிறது, அதைப் போய் நடுவில் கெடுக்காதே என்று மனசு சொன்னது, அவன் கேட்டான்.

எண்பத்து நாலாவது நிமிடம் மூலையிலிருந்து ஒரு பந்து வந்தது. அது தலையில் பட்டதா தோளில் பட்டதா என்று அடித்தவனுக்கே தெரியாது. உள்ளே போய்விட்டது. ஆயிரம் பேர் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். போலீன் அழுதாள். ட்ரெவர் நெவிலின் காதைப் பிடித்து, "டெஸ் பண்ணான்டா, நம்ம டெஸ்!" என்று கத்தினான். மிச்சமிருந்த நிமிடங்களில் வெல்போர்ட் ஒவ்வொரு முறை பந்தைத் தூக்கிக்கொண்டு வந்தபோதும் நெவில் கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் சொன்னான்: இன்னும் ஒண்ணு குடி, டெஸ். இன்னும் ஒரே ஒண்ணு.

ஜெயித்தார்கள்.

பப்புக்குள் அவர்கள் நுழைந்தபோது டெஸ்மண்ட் உள்ளூர்க் கிழவர்கள் நடுவில் விஸ்கி கிளாஸோடு உட்கார்ந்து, கண்கள் எங்கோ செருகிப்போய் பாடிக்கொண்டிருந்தான். விஷயம் அதற்குள் பரவியிருந்தது. ஆல்டர்ஷாக்காரர்கள் அவனைத் தோளில் தூக்கினார்கள். முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் அவனுக்கு வாங்கிக் கொடுத்தார்கள். வேண்டாம், போதும் என்று நெவில் ஒவ்வொரு கிளாஸையும் பிடுங்கினான். கொண்டாடத் தெரியாத மூஞ்சி என்று அவனைத்தான் திட்டினார்கள். ரயிலிலும் அதே பாட்டு, டெஸ்மண்ட் பெயரைப் போட்டுப் பெட்டி முழுக்கப் பாடியது. இறங்கும் கதவோரம் இரண்டு முறை சாய்ந்தவனை நெவில் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தான். வாழ்நாளில் அவன் இவ்வளவு காத்திருந்த வெற்றி வேறு இல்லை. அதில் ஒரு வாய்கூட அவனுக்கு இறங்கவில்லை.

ஆல்டர்ஷா ஸ்டேஷனில் இன்னும் வெளிச்சம் இருந்தது. ஜேனிஸ் காரோடு வந்திருந்தாள், வெற்றிக்காகச் சிரித்தபடி. டெஸ்மண்ட் இறங்கிய விதத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அவள் கத்தவில்லை.

"யாரு வாங்கிக் குடுத்தது?"

நெவில் பேச வாயெடுத்தான். அதற்குள் டெஸ்மண்ட் முந்திக்கொண்டான். நிற்கவே முடியாதவனுக்கு அந்த ஒரு வாக்கியம் மட்டும் தெளிவாக வந்தது.

"நானேதான் வாங்கினேன். நெவ் வேணாம்னு எவ்ளோ சொன்னான். நான்தான் கேக்கல."

ஜேனிஸ் நெவிலின் கையைப் பிடித்துக்கொண்டாள். நீ எவ்வளவோ பார்த்திருப்பாய், உன்மேல் தப்பில்லை என்றாள். அந்தக் கையை உதறிவிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஐந்து வார்த்தை போதும். நெவில் டெஸ்மண்டைக் காரில் ஏற்றி, பெல்ட்டை மாட்டிவிட்டு, கதவைச் சாத்தினான்.

அதற்குப் பிறகு டெஸ்மண்ட் நிறுத்தவில்லை. ஜூன் கடைசியில் ஜேனிஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள். போன மறுநாள் நெவிலுக்கு ஃபோன் செய்தாள்.

"என்னால இனிமே முடியல நெவில். அவன் நீ சொன்னாதான் கேப்பான். வேற யார் பேச்சும் அவனுக்கு ஏறாது."

அது அவளைவிட நெவிலுக்கு நன்றாகத் தெரியும். சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான், தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"ஜேனிஸ், அன்னிக்கு வெல்போர்ட்ல..."

"அன்னிக்கு நீ மட்டும் இல்லன்னா ரயில்லேர்ந்து விழுந்து செத்திருப்பான்," என்றாள் அவள். "அத நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்."

சரி, நான் கவனித்துக்கொள்கிறேன் என்றான் நெவில். அவள் நன்றி சொன்னாள். அதையும் அவன் வாங்கிக்கொண்டான்.