பாடக்குறிப்பில் இல்லாத வீடு

விடுதியில் அவளுக்கு 'மனப்பாடம்' என்று பெயர். ஆங்கிலத்தில் வணக்கம் சொல்வதாக இருந்தால்கூட எழுதிவைத்துப் படித்துவிட்டுத்தான் சொல்வாள். அறைத்தோழிக்கோ 'அருவி' என்று பெயர். ஆங்கிலம் கொட்டும், நிறுத்தத்தான் ஆள் வேண்டும். இருவருக்கும் ஆசிரியர் பயிற்சியில் கடைசி ஆண்டு.

கற்பித்தல் தேர்வில் மனப்பாடம் ஏற்கெனவே ஒருமுறை கோட்டைவிட்டவள். இந்தத் தடவையும் தோற்றால் ஆசிரியை வேலைக்கு முழுக்குப் போட வேண்டியதுதான். அதனால் கொஞ்ச நாளாக அறையில் அருவிதான் மாணவி. பாடக்குறிப்பில் இடப்பக்கம் ஆசிரியர் கேள்வி, வலப்பக்கம் மாணவர் பதில். இவள் கேட்க, அவள் ஒப்பிக்க, இரண்டு பேரும் அதைக் கரைத்துக் குடித்துவிட்டார்கள்.

"புள்ளைங்க இதையேதான் சொல்லும்னு என்னடி நிச்சயம்?"

"வேற என்னத்தச் சொல்லப் போகுது? சும்மா பயப்படாத!" என்றாள் அருவி.

தேர்வன்று பள்ளி வகுப்பறையில், பிள்ளைகளுக்குப் பின்னால், அருவி கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அடுத்து அவள் முறை. பக்கத்தில் தேர்வாளர், பேனாவைத் திறந்தபடி. உன் வீட்டு ஜன்னலிலிருந்து என்ன தெரிகிறது என்று மனப்பாடம் ஆங்கிலத்தில் கேட்டாள். ஒரு பையன் மரம் என்றான், இன்னொருவன் சாலை என்றான். எல்லாம் குறிப்பில் உள்ளபடியே. மூன்றாவதாக எழுந்த முன்பல் விழுந்த சிறுமி கையைப் பிசைந்தாள்.

"நோ விண்டோ, மிஸ்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. சிறுமியின் முகம் சுண்டிப்போனது. அருவி பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தாள். 'ஜன்னல் இருப்பதாக நினைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போடி!' என்று மனதுக்குள் கத்தினாள். அவளாக இருந்தால் அழகான ஆங்கிலத்தில் அப்படித்தான் நழுவியிருப்பாள்.

மனப்பாடம் நழுவவில்லை. குறிப்பை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். சிறுமியின் பக்கத்தில் போய்க் குனிந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்தாள்.

"டோர்... யூ சிட்? நியர் டோர்?"

"யெஸ், மிஸ்."

"வாட் யூ சீ?"

சிறுமி பேச ஆரம்பித்தாள். வாசலில் அம்மா தையல் மெஷினோடு உட்கார்ந்திருப்பாள், வெளிச்சம் அங்கேதான் வரும். எதிர்வீட்டு நாய் வந்து துணிமேல் படுக்கும். அம்மா திட்டுவாள், நாய்க்கு ரோஷமே கிடையாது. தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் போட்டு, தெரியாததற்குக் கையை ஆட்டி, நடுவில் குரைத்தும் காட்டினாள். வகுப்பு மறுபடி சிரித்தது, இந்தத் தடவை அவளோடு சேர்ந்து. "மை டோர், மிஸ்! மை டோர்!" என்று ஆளாளுக்குக் கை தூக்கினார்கள், ஜன்னல் இருந்தவர்களும்தான்.

இவளுக்கா நான் சொல்லிக்கொடுத்தேன் என்றிருந்தது அருவிக்கு.

மணி அடித்ததும் தேர்வாளர் எழுந்து வந்தார். "உங்க இங்கிலீஷ்ல நிறைய தப்பும்மா."

"தெரியும் சார். எனக்கே கேட்டுச்சு." மனப்பாடம் பார்வையைத் தாழ்த்தவில்லை.

"வேலைக்குப் போனப்புறம் திருத்திக்கலாம்" என்று சொல்லித் தாளில் கையெழுத்துப் போட்டார். தேறிவிட்டோம் என்று உறைக்க அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. "அடுத்தது யாரு?" என்றார் தேர்வாளர்.

அருவி எழுந்து முன்னால் போனாள். அந்தப் பல் விழுந்த சிறுமியைப் பார்த்து, நாயின் பெயர் என்ன என்று கேட்டாள். கேட்டுவிட்டு, பிறந்ததிலிருந்து முதல்முறையாக, வாயை மூடிக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தாள்.